வேகக் காரும் கொழும்பு வீதியும்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேகக் கார்களைப் பற்றியவை. வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, ஐந்தாண்டுகளாக அடக்கிவைத்திருந்த ஆசைகள் எல்லாம் ஒன்றாக வெளிவருவது இயல்புதான். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 2005ஆம் ஆண்டளவில் தயாரான மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன் ஒன்பது விலைக்கு வந்துள்ளது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டையிலுள்ள அலுவலகத்துக்குத் தினமும் அதிலேயே போய்வர விரும்புகிறேன். "அது பந்தயக் கார், வீதிக்கு ஒத்துவராது" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வேகக் கார் ஒன்று அன்றாடப் பாவனைக்கு உகந்ததா என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எவொலூஷனும் அதன் நிரந்தரப் போட்டியாளரான சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸும் 1992ஆம் ஆண்டில் பிறந்தன. உலக ரலி போட்டியில் கலந்துகொள்ள வேண்டுமானால் குறிப்பிட்ட எண்ணிக்கையான கார்களைப் பொதுமக்களுக்கு விற்றாக வேண்டும் என்ற விதி அன்று இருந்தது. அந்த விதியை நிறைவேற்றவே இரண்டும் சந்தைக்கு வந்தன. ஆனால் ரலி என்பது வழவழப்பான பந்தயத் திடலில் நடப்பதல்ல. கல்லும் குழியுமான நாட்டுப்புறப் பாதைகளில் நடக்கும் போட்டி அது. அதற்கென்று உருவான காருக்கு மேடுபள்ளங்களைத் தாங்கும் உடலமைப்பு பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே "பந்தயக் கார்" என்ற காரணத்துக்காக மட்டும் அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். மிட்சுபிஷி இந்தக் காரை முக்கியமாக ஜிஎஸ்ஆர், ஆர்எஸ் என்ற இரு வகைகளில் விற்றது. ஆர்எஸ் போட்டியாளர்களுக்கானது, எடையைக் குறைப்பதற்காக வசதிகளைக் கழற்றிவிட்டுத் தந்தார்கள். குளிரூட்டி, மின்சாரக் கண்ணாடி போன்றவற்றோடு வந்தது ஜிஎஸ்ஆர். இரண்டிலும் இருந்தது அடிப்படையில் ஒரே இரண்டு லீற்றர் டர்போ எஞ்சின்தான். வீதிக் காரையும் போட்டிக் காரையும் வேறுபடுத்துவது எஞ்சினின் வலு அல்ல என்பதைத் தயாரித்தவர்களே நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் எதை அளவுகோலாகக் கொள்வது? என் பதில் இதுதான்: வேகம் குறைந்த நேரத்திலும், வெயிலிலும், மழையிலும், நெரிசலிலும் கார் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் நகரப் பகுதிகளில் காருக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர், நகருக்கு வெளியே 70, அதிவேக நெடுஞ்சாலையில் 100. கொழும்பின் காலி வீதியில் மாலை ஐந்து மணிக்கு அந்த 50ஐக்கூட எட்ட முடிவதில்லை. தினமும் இரண்டு மணித்தியாலம் ஓட்டப்போகும் காரின் பண்பை அந்த வேகத்தில்தான் அறிய வேண்டும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1997இல் வெளிவந்த முதலாவது ஹொண்டா சிவிக் டைப் ஆர் 185 குதிரைவலு தந்தது. ஆனால் அதன் உச்ச முறுக்குவிசையான (சக்கரத்தைச் சுழற்றும் விசையான) 160 நியூட்டன் மீற்றர், எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்றை எட்டும்போதுதான் கிடைத்தது. இரண்டாவது கியரில் அந்தச் சுற்றுக்கு வருமுன்னரே நகர வேக எல்லையைக் கார் தாண்டிவிட்டிருக்கும். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2017இல் வந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 140 குதிரைவலு மட்டுமே உண்டு. ஆனால் 230 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை 2,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரு தொன் எடையுள்ளவை. பந்தயத் திடலில் டைப் ஆர் மனதை அள்ளிக்கொண்டு போகும், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ் ஒன்றுக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடையில் கிடைக்கும் சிறு இடைவெளியில் புகுந்து வெளியேற வேண்டிய கணத்தில், காலுக்குக் கீழே தயாராக இருப்பது சுசுகியின் வலுதான்.

அடுத்தது வெப்பம். டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது. அதைக் குளிர்விக்கவே இன்டர்கூலர். டபிள்யூஆர்எக்ஸில் அது எஞ்சினுக்கு நேர் மேலே, பொனட்டில் தெரியும் அந்தக் காற்றுவாயிலுக்குக் கீழே படுத்திருக்கிறது. கார் ஓடும்போது காற்று மேலிருந்து பாய்ந்து அதைக் குளிர்விக்கும். கார் நின்றால் நிலைமை தலைகீழாகிவிடும்: கீழேயிருந்து எஞ்சினின் சூடு ஏறும், மேலிருந்து காற்று வராது. தும்முல்லைச் சந்தியில் நெரிசலில் அகப்பட்டு ஊர்ந்து வந்த காரின் பொனட்டைத் திறந்து இன்டர்கூலரில் விரலை வைத்துப் பாருங்கள். சில நொடிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உட்செல்லும் காற்றின் வெப்பநிலை 30 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்ந்தால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறைகிறது. வலுவும் குறைகிறது, எஞ்சின் தட்டும் (பெற்றோல் கலவை தானாக வெடிக்கும்) அபாயமும் கூடுகிறது. எவொலூஷனின் இன்டர்கூலர் முன் பஃபருக்குள் இருப்பதால் இந்த இடர்ப்பாடு அதற்குக் குறைவு. நெரிசலைப் பொறுத்தவரை எவொலூஷனுக்கு இது ஓர் உண்மையான அனுகூலம்.

பிரதிகூலங்களும் உண்டு. ஒன்பதாம் எவொலூஷனின் திரும்பு ஆரை 5.9 மீற்றர், நான் மேலே சொன்ன ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு அது 5.1. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இரு பக்கமும் வாகனங்கள் நிற்கும்போது ஒரே திருப்பில் திரும்ப முடியாமல் பின்னுக்கும் முன்னுக்கும் போய்வரும் அலுப்பு தினசரி இருக்கும். எரிபொருளையும் மறக்க வேண்டாம். 2022இல் எரிபொருள் அனுமதி அட்டை நடைமுறைக்கு வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் கிடைத்தது. லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் தரும் காருக்கு அது 120 கிலோமீற்றர் தூரம். அப்படியொரு காலம் மீண்டும் வராமலிருக்கட்டும். ஆனாலும் அன்றாடக் காரைத் தெரிவு செய்பவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

என் தீர்ப்பு: தாங்கள் பார்த்திருக்கும் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே, அல்லது அதற்கு மிக அருகில் இருக்குமானால் தயங்காமல் வாங்கி ஓட்டலாம். பெரிய டர்போ, கனத்த பந்தயக் கிளட்ச், இறுகிய ஸ்பிரிங் என்று யாரோ ஏற்கெனவே கைவைத்திருந்தால், விலை எவ்வளவு மலிந்திருந்தாலும் தினசரிப் பயணத்துக்கு அது வேண்டாம். இடது காலால் நூற்றுக்கணக்கான தடவை அந்தக் கிளட்சை மிதித்துக்கொண்டு கோட்டைக்குப் போய்ச் சேர்பவர், ஒரு மாதத்தில் பஸ்ஸைத் தேடத் தொடங்கிவிடுவார்.

கேள்வி: என்னிடம் ஒரு லீற்றர் டர்போ எஞ்சின் கொண்ட ஹொண்டா சிவிக் இருக்கிறது, கியர் சிவிடி (படிகளின்றித் தானாக மாறும் வகை). ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை) மாற்றி எழுதி, முன் பஃபருக்குள் குளிர்காற்றுக் குழாய் பொருத்தி, சைலன்ஸரையும் மாற்றினால் வலு நன்றாகக் கூடும் என்று ஒரு கராஜில் சொல்கிறார்கள். 92 ஒக்டேன் பெற்றோல்தான் அடிக்கிறேன். செய்யலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: எஞ்சினின் கொள்ளளவை வைத்து வரி அறவிடப்படும் நாட்டில் சிறிய டர்போ எஞ்சின்கள் விரும்பப்படுவதில் வியப்பில்லை, அவற்றை இன்னும் கொஞ்சம் தட்டியெழுப்பலாமே என்ற ஆசையும் கூடவே வருகிறது. மூன்று மாற்றங்களையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் ஈசியூ. தங்கள் எஞ்சினை ஹொண்டா கையால் மாற்றும் கியரோடு பொருத்தியபோது 200 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசைக்கும், சிவிடியோடு பொருத்தியபோது 180க்கும் அமைத்தது. எஞ்சின் ஒன்றே. அப்படியிருந்தும் சிவிடியுடன் வரும்போது தயாரித்தவர்களே முறுக்குவிசையைக் குறைத்துவிட்டார்கள் என்றால், அந்தக் கியர்ப் பெட்டியின் தாங்குதிறனைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் பொருள். உலோகப் பட்டி இரு கூம்புகளை இறுகப் பற்றி இயங்கும் அமைப்பு அது. அளவுக்கு மீறிய முறுக்குவிசை வந்தால் பட்டி வழுக்கத் தொடங்கும், கூம்பில் கீறல் விழும். பிறகு கியர்ப் பெட்டியைக் கழற்றாமல் தப்ப முடியாது.

ஒக்டேனைப் பற்றிப் பரவலான ஒரு தவறான எண்ணம் உண்டு. 95இல் 92ஐ விடச் சக்தி அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒக்டேன் என்பது பெற்றோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் அழுத்தத்தைத் தாங்கும் திறனின் அளவு. டர்போ அழுத்தத்தைக் கூட்டினால், பொறி பற்றவைத்த சுடர் வந்து சேருமுன்னரே கலவையின் எஞ்சிய பகுதி தானாக வெடித்து பிஸ்டனைத் தாக்கும். "எஞ்சின் தட்டுகிறது" என்று நாம் சொல்வது இதைத்தான். நவீன ஈசியூ இந்தத் தட்டலை உணரியின் மூலம் கேட்டு, பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும். அப்போது மாற்றி எழுதியதால் கிடைத்த வலுவில் ஒரு பங்கு பறிபோய்விடும், பெற்றோல் செலவு மட்டும் மிஞ்சும். ஜப்பானிய வேகக் கார்கள் பல அந்நாட்டில் விற்கப்படும் 100 அளவிலான உயர் ஒக்டேன் பெற்றோலுக்கு அமைக்கப்பட்டவை. அவை இங்கு வரும்போது 95க்கு ஏற்ப நிதானமாக அமைத்துத் தருபவரே நல்ல தொழில்நுட்பவியலாளர். 92ஐ வைத்துக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டித் தருகிறேன் என்பவரிடம் காரை விடாதீர்கள்.

குளிர்காற்றுக் குழாய் விடயத்தில் நான் உறுதியாகவே வேண்டாம் என்கிறேன். தொழிற்சாலையில் காற்று உள்ளெடுக்கும் வாயை எஞ்சின் அறையில் உயரமான இடத்தில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கீழே பஃபருக்குள் இறக்கினால் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு நிற்கும் வெள்ளமே போதும். காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகும். தண்ணீர் அமுங்காது. மேலேறி வரும் பிஸ்டன் அதில் மோதும்போது வளைவது இணைப்புத் தண்டு. 2016 மே மாதத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கிய அளவுக்குப் போகத் தேவையில்லை. ஐப்பசி மாத மாலை மழை ஒரு மணித்தியாலம் கொட்டினால் கொட்டாஞ்சேனையின் தாழ்ந்த ஒழுங்கைகளில் நிற்கும் தண்ணீரே அதற்குப் போதுமானது. அதனால் கிடைக்கும் வலுவோ காலுக்குத் தெரியாத அளவு.

சைலன்ஸரைப் பற்றி இரண்டு வரி. நெடுந்தூரப் பயணத்தில் குறிப்பிட்ட ஒரு சுற்றில் காருக்குள் ஒலிக்கும் ஓயாத முழக்கம் தலைவலியைத் தரும். புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியைக் கழற்றிவிட்டால் ஆண்டுதோறும் வரும் புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரும். இந்த மாற்றங்களில் எதைச் செய்தாலும் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். அறிவிக்காத மாற்றம், விபத்து நடந்த நாளில் உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும்.

கேள்வி: ஐயா, என் கணவர் காரைத் தாழ்த்தி, கொயில் ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷொக் தொகுதி) பொருத்தியிருக்கிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தொடர்மாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடச் சரிவில் தினமும் உராய்கிறது, மாமி முதுகு வலிக்கிறதென்று பின் இருக்கையில் ஏற மறுக்கிறார். பழைய ஸ்பிரிங்கையே போடச் சொன்னால் "கையாளும் தன்மை போய்விடும்" என்கிறார். இடைநிலை ஏதும் உண்டா?
– வாசகி, தெஹிவளை

பதில்: உண்டு, சகோதரி. தங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காரின் உடல் தாழ்ந்தால் வளைவில் சாய்வது குறையும், சுக்கானுக்குக் கார் உடனே பதில் சொல்லும். ஆனால் அந்தப் பயன் ஓர் அளவு வரைக்கும்தான்.

சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கு ஓர் இட அளவு இருக்கிறது. காரைத் தாழ்த்தும்போது மேல்நோக்கி அசையும் இடத்தில் ஒரு பகுதி, கார் நிற்கும்போதே செலவாகிவிடுகிறது. நுகேகொடைப் புகையிரதக் கடவையைக் கடக்கும்போது எஞ்சிய இடமும் தீர்ந்து, ஷொக்கின் முனையிலுள்ள இறப்பர்க் கட்டையில் சக்கரம் இடிக்கும். மாமியின் முதுகில் விழும் அடி அதுதான். அந்தக் கணத்தில் ஸ்பிரிங் என்ற ஒன்றே இல்லாத மாட்டுவண்டியைப் போலக் கார் நடந்துகொள்கிறது. முதுகு மட்டுமல்ல, பிடிமானமும் அப்போது போய்விடுகிறது: மேட்டைத் தொடர்ந்து தழுவிச் செல்ல முடியாத டயர் துள்ளி வீதியை விட்டு எழும். வீதி வழவழப்பாக இல்லாத இடத்தில், மிகத் தாழ்த்திய கார் தாழ்த்தாத காரை விட மோசமாகத் திரும்பும் என்பதைத் தங்கள் கணவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கொயில் ஓவரைக் கழற்ற வேண்டியதில்லை. அதன் உயரத்தைத் திருகி மாற்றலாம். தொழிற்சாலை உயரத்திலிருந்து 15 முதல் 20 மில்லிமீற்றர் தாழ்வில் நிறுத்தி, ஷொக்கின் இறுக்கத்தை மென்மையான பக்கத்துக்குச் சில சொடுக்குகள் திருப்பி, பிறகு சக்கர ஒழுங்கமைவைச் சரிபார்த்தால் காரின் துடிப்பும் போகாது, மாமியும் ஏறுவார். சரியாக அமைந்ததா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். காரின் ஒரு மூலையை இரு கைகளாலும் அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து அப்படியே அமர்ந்தால் நல்லது. அசையவே மறுத்தால் இறுக்கம் அதிகம். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷொக்கின் காலம் முடிந்துவிட்டது. தரிப்பிடச் சரிவில் நேராக ஏறாமல் சற்றுக் குறுக்காக ஏறினால், பஃபர் தொடுமுன் ஒரு சக்கரம் சரிவில் ஏறிவிடும்.

கேள்வி: அரைப் பந்தய டயர்களைப் பொருத்திக்கொண்டு தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் அடிக்கடி காலிக்குப் போகிறேன். வெயிலில் அபாரமான பிடிமானம். மழையில் மட்டும் கார் ஒரு கணம் மிதப்பது போல இருக்கிறது. டயரின் குறையா, ஓட்டுவதன் குறையா?
– வாசகர், இரத்மலானை

பதில்: மிதப்பது போல இருப்பதல்ல, உண்மையாகவே மிதக்கிறது. டயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள தண்ணீரை டயர் ஒதுக்கித் தள்ளுவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் கிடைக்காத வேகத்தில் டயர் தண்ணீரின் மேல் ஏறிவிடும். அப்போது சுக்கானும் பிரேக்கும் வெறும் அலங்காரம். 1960களில் விமான டயர்களை வைத்து நாசா செய்த ஆய்வுகளிலிருந்து ஒரு சூத்திரம் கிடைத்தது: தண்ணீர் தேங்கிய தளத்தில் தவாளிப்பு இல்லாத டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அதன் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தச் சூத்திரத்தின்படி 32 இறாத்தல் காற்றழுத்தத்தில் அந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றர். காற்று 25க்குக் குறைந்திருந்தால் 83. நெடுஞ்சாலையின் உச்ச எல்லையான 100 இந்த இரண்டையும் தாண்டியது என்பதைக் கவனியுங்கள். மழை நேரத்தில் 60க்கு மேல் போக வேண்டாம் என்று அங்கு அறிவிப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

நல்ல வீதி டயரிலுள்ள ஆழமான தவாளிப்புகள் தண்ணீருக்கு வழிவிட்டு அந்த வேகத்தை உயர்த்துகின்றன. அரைப் பந்தய டயரில் தவாளிப்பு குறைவு, இறப்பர் வீதியில் பதியும் பரப்பு கூட. அதன் பிடிமானத்தின் இரகசியமே அதுதான். போதாக்குறைக்கு அந்த இறப்பர்க் கலவை சூடேறினால்தான் ஒட்டும்; மழை நீர் அதைச் சூடேற விடாது. அகலமான டயர் என்றால் ஒதுக்க வேண்டிய தண்ணீரின் அளவும் கூடுகிறது.

இரண்டு பருவ மழைகளுக்கு நடுவில் வாழும் கொழும்புவாசிக்கு இந்த டயர் அன்றாடத் தெரிவாக இருக்கவே முடியாது. பந்தயத் திடலில் ஓட்டுவதற்கு இன்னொரு தொகுதிச் சக்கரங்களை வைத்துக்கொள்ளுங்கள். வீதிக்கு, ஈரப் பிடிமானத்துக்குப் பெயர்பெற்ற நல்ல கோடைகால வேக டயரை வாங்குங்கள்; தவாளிப்பு 3 மில்லிமீற்றருக்குக் குறையும்போது, சட்டம் இடம் கொடுத்தாலும், மாற்றிவிடுங்கள். ஒரு காரின் வீதிப் பயன்பாட்டை ஒரே நாளில் கெடுக்கவோ திருத்தவோ வல்ல பாகம் டயர்தான். எஞ்சினுக்குச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தில் முதல் பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: நெரிசலில் ஓட்டுவதற்கு இரட்டைக் கிளட்ச் கியர் நல்லதா, சாதாரண ஓட்டோ கியர் நல்லதா?
– வாசகர், நுகேகொடை

பதில்: இரு கிளட்சுகளை மாறி மாறி இயக்கித் தானாகக் கியர் மாற்றும் இரட்டைக் கிளட்சில் உலர்ந்தது, எண்ணெயில் மூழ்கியது என இரு வகை உண்டு. நம் வீதிகளில் நிறையக் காணப்படும் முதல் தலைமுறை ஹொண்டா வெசல் ஹைபிரிட்டில் இருப்பது உலர்ந்த வகை. பத்தாவது எவொலூஷனின் தானியங்கிக் கியரும் நிசான் ஜிடிஆர் 35இன் கியரும் எண்ணெயில் மூழ்கியவை. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்தபடியே தேய்கிறது. உலர்ந்த வகையில் அந்தச் சூட்டை எடுத்துச் செல்ல எண்ணெய் இல்லாததால் அது விரைவில் கொதித்து எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும். இவ்வகைக் கார் வைத்திருப்பவர்கள், முன்வாகனத்தின் பின்னால் ஒட்டி ஊராமல் ஒரு கார் நீளம் இடைவெளி விழும்வரை நின்று பிறகு நகர்வதும், சரிவில் அக்ஸிலரேற்றரால் காரைத் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கில் நிற்பதும் நல்லது. புதிதாக வாங்குபவர் நெரிசலிலேயே வாழ்பவராக இருந்தால், திரவ இணைப்புக் கொண்ட சாதாரண ஓட்டோ கியரே என் தெரிவு.

கேள்வி: உலகப் புகழ்பெற்ற அதிவேகக் கார்களில், அன்றாடம் ஓட்டக்கூடியதாக உண்மையிலேயே உருவாக்கப்பட்டவை உண்டா? எல்லாமே காட்சிப் பொருள்கள்தானா?
– மாணவர், மட்டக்குளி

பதில்: அருமையான கேள்வி, தம்பி. 1990இல் வந்த ஹொண்டா என்எஸ்எக்ஸ் இதில் ஒரு திருப்புமுனை. அதற்கு முன்னர் எஞ்சினை நடுவில் வைத்த அதிவேகக் கார் என்றாலே பின்னால் என்ன வருகிறதென்று தெரியாது, கிளட்ச் காலை ஒடிக்கும், குளிரூட்டி பெயருக்குத்தான் இருக்கும் என்பதை வாங்குபவர்கள் தலைவிதியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஹொண்டாவின் பொறியியலாளர்கள் ஓட்டுநரைச் சுற்றிலும் தாராளமாகத் தெரியும்படி கண்ணாடிகளை அமைத்தார்கள், உடலை முழுவதும் அலுமினியத்தால் செய்து எடையைக் குறைத்தார்கள், பின்னால் பயணப் பெட்டி வைக்கும் அளவுக்கு இடம் விட்டார்கள். ஃபோர்முலா வன் பந்தய வீரர் அயர்டன் செனா அதை ஓட்டிப் பார்த்து உடலின் விறைப்பைக் கூட்டச் சொன்னதும் வரலாறு. அவ்வளவு வேகமான கார், சந்தைக்குப் போய்வரும் சிவிக்கைப் போலச் சிரமமின்றிக் கிளம்பியது.

மெக்லாரன் எஃப்1 என்ற வீதிக் காரை வடிவமைத்த கோர்டன் மரே, என்எஸ்எக்ஸை ஓட்டிப் பார்த்த பிறகு அதன் சவாரித் தரத்தையே தன் அளவுகோலாக வைத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். எஃப்1 மணிக்கு 386 கிலோமீற்றர் ஓடியது, 1995இல் லு மான் 24 மணித்தியாலப் பந்தயத்தை வென்றது. அதே காரில் மூன்று பேர் அமரலாம்; பின் சக்கரங்களுக்கு முன்னால் இரு பக்கமும் பயணப் பெட்டிகளுக்கு அறைகள் உண்டு. பந்தயத்தில் வென்ற காருக்குப் பெட்டி அறை இருந்தது என்ற செய்தி எனக்கு அதன் உச்ச வேகத்தை விடப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் வீதிப் பயன்பாடு என்ற விடயத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமானது 1976இல் விற்பனைக்கு வந்த வொக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ. 110 குதிரைவலு, 810 கிலோ எடை. நிறுவனம் முதலில் 5,000 கார்கள் விற்றாலே போதும் என்றுதான் நினைத்தது. குடும்பக் காரின் கதவுகளையும் இருக்கைகளையும் பெட்டி இடத்தையும் அப்படியே விட்டுவிட்டு, எடை குறைந்த உடலுக்கு நல்ல எஞ்சினைக் கொடுத்தால் போதும் என்பதை அது காட்டியது. இன்று தெருவில் நாம் காணும் ஒவ்வொரு சிறிய வேகக் காரும் அதன் வழிவந்ததுதான்.

கேள்வி: நுவரெலியாவுக்கு அடிக்கடி போவதால் பந்தய பிரேக் பேட் போட எண்ணுகிறேன். நல்லதா?
– வாசகர், வத்தளை

பதில்: வேண்டாம். பந்தய பேட் நன்றாகச் சூடேறிய பின்னரே முழுமையாகப் பிடிக்கும். காலையில் வீட்டு வாசலிலிருந்து வெளியேறி முதல் சந்தியில் திடீரென மிதிக்கும்போது அது சாதாரண பேட்டை விடக் குறைவாகவே நிறுத்தும். வீதிக்கென்று தயாரிக்கப்பட்ட தரமான பேட்டைப் போட்டு, பிரேக் ஒயிலைக் கவனியுங்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 வகை புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த நிலையில் தர விதி கோருவது 155 பாகை மட்டுமே. கொழும்பின் ஈரக் காற்றில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றாத ஒயிலோடு றம்பொடைச் சரிவில் இறங்கி, பாதி வழியில் ஒயில் கொதித்தால் பெடல் தரைக்கே போய்விடும். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

கேள்வி: மின்சாரக் கார்கள் நான்கு விநாடிக்குள் நூறைத் தொடுகின்றன. இனிப் பெற்றோல் வேகக் காருக்கு என்ன வேலை?
– வாசகர், மருதானை

பதில்: நெரிசல், கிளட்ச், நின்றபடி சூடேறுவது ஆகிய மூன்று தொல்லைகளையும் மின்சாரக் கார் ஒரே வீச்சில் தீர்த்துவிட்டது; முறுக்குவிசை முதல் கணத்திலேயே கிடைக்கிறது. அந்த வகையில் கொழும்பு நகரத்துக்கு அதைவிடப் பொருத்தமான வேகக் கார் இல்லை. எடைதான் அதன் சிக்கல். அத்தகைய கார்கள் பெரும்பாலும் இரண்டு தொன்னைத் தொடுபவை. டயர் விரைவாகத் தேயும், ஈர வீதியில் நிறுத்த வேண்டிய நிறையும் கூடுதல். பற்றரி தரைக்கடியில் இருப்பதால் உயரமான வேகத்தடைகளில் அடிப்பகுதி தட்டாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

கேள்வி: பழைய வேகக் கார் ஒன்றை வாங்குமுன் ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? விற்பவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்கிறார்.
– வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: ஞாயிறு காலை வேண்டாம். வீதி வெறிச்சோடியிருக்கும் அந்த நேரத்தில் எந்த வேகக் காரும் இனிமையாகத்தான் ஓடும். வார நாளில் பாடசாலை விடும் நேரம், அல்லது மாலை ஐந்து மணிக்குப் பிறகு பொரளையிலிருந்து தெஹிவளை வரை ஓட்டித் தரும்படி கேளுங்கள். விற்பவர் மறுத்தால் அந்த மறுப்பே ஒரு தகவல்.

குளிரூட்டியை முழு அளவில் போட்டு, நெரிசலில் நிற்கும்போது வெப்பமானியின் முள் நகர்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் விசிறி இயங்கிய பிறகு முள் இறங்கி வர வேண்டும். நின்றபடியே குளிரூட்டியின் காற்று சூடாகிறதா என்றும் கவனியுங்கள். மரைன் டிரைவ் பக்கமாக நிறுத்தப்பட்டு வந்த காரென்றால் உப்புக் காற்று குளிரூட்டியின் முன்தட்டையும் அடிப்பகுதியின் வெல்டிங் இணைப்புகளையும் அரித்திருக்கும். கையில் விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்து பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். முதல் கியரில் அக்ஸிலரேற்றரைத் தொடாமல் கார் திமிறாமல் ஊர்கிறதா, சூடான எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து உடனே கிளம்புகிறதா என்பவற்றையும் சோதியுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், காரின் சட்டக இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, விலை பேசுமுன்னர் பஞ்சிகாவத்தையில் இரண்டு மூன்று உதிரிப்பாகக் கடைகளில் ஏறி இறங்குங்கள். கிளட்ச் தட்டு, முன் ஷொக், தண்ணீர்ப் பம்பி, பிரேக் தட்டு ஆகிய நான்குக்கும் விலையும் இருப்பும் கேளுங்கள். "ஜப்பானிலிருந்து எடுப்பிக்க வேண்டும், ஆறு வாரம் ஆகும்" என்ற பதில் இரண்டுக்கு மேற்பட்ட பாகங்களுக்கு வந்தால், அந்தக் கார் ஆண்டில் எத்தனை வாரம் கராஜில் நிற்கும் என்பதைக் கணக்கிட்டு, அதற்கேற்ற தொகையை விலையிலிருந்து குறைத்துக் கேளுங்கள்.